சின்னப் படமும் செத்துப்போன டிஸ்க்கும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அங்கே விட்டுப்போன சில விவரங்களும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



கம்ப்யூட்டர் சம்பந்தமாக நம் குடியிருப்பில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டுதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "இந்தப் படம் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கி பிரேம் போட முடியுமா?" இன்னொன்று, "ஹார்ட் டிஸ்க் திறக்கமாட்டேன் என்கிறது, எல்லாப் படமும் அதில்தான் இருக்கிறது, எடுக்க முடியுமா?"

இரண்டையுமே கேட்பவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். வீட்டில் ஒருவர் காலமாகி, காரியத்துக்குள் படம் வேண்டும் என்ற நேரத்தில் முதல் கேள்வி வரும். டிஸ்க்கை நாலு பேர் நாலு விதமாகச் செருகிப் பார்த்த பிறகு இரண்டாவது கேள்வி வரும். இந்த இரண்டு விஷயத்திலும் அதிகச் சேதம் செய்வது அந்த அவசரம்தான். அதனால் அவசரம் இல்லாத ஒரு மாலையில் இதைப் பேசிவிடுவது நல்லது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் லெட்ஜர் எழுதி, பிறகு அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து ஓய்வு பெற்றவன். எனக்குப் புரிந்த கணக்கு மொழியிலேயே சொல்கிறேன்.

முதலில் இருப்பைப் பாருங்கள்

டிஜிட்டல் படம் என்பது கட்டம் போட்ட ஒரு தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம். அந்தக் கட்டத்தைத்தான் பிக்சல் என்கிறோம். கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்காமல் செக் எழுதக் கூடாது அல்லவா? அதுபோல, எத்தனை பிக்சல் இருக்கிறது என்று பார்க்காமல் பிரேம் அளவைச் சொல்லக் கூடாது. கம்ப்யூட்டரில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ் என்று போனால் இரண்டு எண்கள் இருக்கும். போனில் படத்தைத் திறந்து மேலே தள்ளினாலோ, விவரம் என்ற இடத்தைத் தொட்டாலோ அதே எண்கள் தெரியும்.

கையில் வைத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க, ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் வழக்கமான கணக்கு. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800, அதாவது 21.6 லட்சம் பிக்சல். சுவரில் மாட்டி நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 இருந்தாலும் கண்ணுக்குக் குறை தெரியாது. அப்படிப் பார்த்தால் 12க்கு 18 அங்குலப் படத்துக்கு 1800க்கு 2700, அதாவது 48.6 லட்சம்.

இப்போது நம்மிடம் உள்ள இருப்பு எவ்வளவு? 2003-இல் வந்த நோக்கியா 6600 நம்மில் பலரிடம் இருந்தது. அதன் கேமரா எடுத்த படம் 640க்கு 480. பெருக்கினால் 3,07,200. அதை 12க்கு 18 அளவுக்குப் பெரிதாக்கினால், கண்ணுக்குத் தெரியும் ஏறக்குறைய 16 புள்ளிகளில் ஒன்றுதான் கேமரா பார்த்தது. மீதி 15 நாம் இட்டு நிரப்பியவை. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பெரும்பாலும் நீளவாக்கில் 1600 பிக்சலுக்குள் சுருக்கப்பட்டிருக்கும். 1600க்கு 1200 என்றால் கையில் பார்க்க 4க்கு 5 அங்குலம், சுவரில் மாட்ட 8க்கு 10 அங்குலம் வரை தாங்கும். புரொபைல் படம் அதைவிடச் சின்னது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டின் எண்கள் பெரிதாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் விவரம் கூடியிருக்காது. செல்லாத நோட்டைப் பெரிய கவரில் போட்டுக் கொடுத்தது மாதிரிதான்.

பெரிதாக்கும் முன் தேடுங்கள்

படத்தைப் பெரிதாக்க மிகச் சிறந்த வழி, அதைப் பெரிதாக்காமல் இருப்பது. விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருப்பது நகல் என்றால், அசல் எங்காவது இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் தேடினால் கிடைப்பது, எந்த மென்பொருளாலும் கிடைக்காது.

எங்கே தேடுவது? படத்தை எடுத்தது யார் என்று கேளுங்கள். அவர் போனில் அசல் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாமல், டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காமல் முழுதாக வரும். கல்யாண வீட்டுப் படம் என்றால் ஸ்டுடியோ கொடுத்த சிடி அலமாரியில் கிடக்கலாம். பழைய போனைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் மெமரி கார்டைப் பாருங்கள்.

ஒரு காலத்தில் பிக்காசா மென்பொருளில் படங்களைத் திருத்தியவர்கள், அதே போல்டருக்குள் மறைந்திருக்கும் பிக்காசா ஒரிஜினல்ஸ் என்ற போல்டரைத் திறந்து பாருங்கள். நீங்கள் வெட்டிச் சின்னதாக்கிய படத்தின் முழு அசலை அது தனியே எடுத்து வைத்திருக்கும். மறைந்திருக்கும் போல்டர்களைக் காட்டு என்று விண்டோஸுக்குச் சொன்னால் கண்ணில் படும். ஆர்குட்டில் போட்ட படங்களை மட்டும் இனித் தேடிப் பயனில்லை. அது 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பேஸ்புக்கில் போட்டவை இன்னும் இருக்கும், உங்கள் தகவல் முழுவதையும் இறக்கிக்கொள்ள அதில் வழி உண்டு.

காகிதப் படம் ஆல்பத்தில் இருந்தால் அது பெரிய சொத்து. அதை போனில் படம் பிடிக்காதீர்கள். விளக்கு வெளிச்சம் விழுந்து மினுக்கும், ஓரம் வளையும். ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சல் ஆகிவிடும். சுவரில் மாட்ட இது தாராளம். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது.

நேர்மையாகப் பெரிதாக்குவது

தேடியும் கிடைக்கவில்லை, கையில் இருப்பதுதான் அசல் என்று தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இதற்குப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு.

பழைய முறையில், இரண்டு புள்ளிகளுக்கு இடையே வரும் புதிய புள்ளியின் நிறத்தைப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரி போல ஒரு கணக்குப் போட்டு நிரப்புவார்கள். பைக்யூபிக், லான்சோஸ் என்றெல்லாம் இந்தக் கணக்குகளுக்குப் பெயர். இர்ஃபான்வியூ, ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் ரீசைஸ் என்ற இடத்தில் இவை இருக்கின்றன. இதில் படம் கொஞ்சம் மழுங்கலாகத் தெரியும். ஆனால் இல்லாத எதுவும் புதிதாகச் சேராது. மூக்கு மூக்காகவே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஜேபெக் வடிவப் படத்தைத் திருத்தித் திருத்தி அதே பெயரில் சேமிக்காதீர்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சின்னச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத விவரங்களை விட்டுவிட்டுச் சேமிக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் போகும். வேலை முடியும்வரை பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அசல் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். நகல் எடுத்து நகலில் வேலை செய்யுங்கள்.

இன்னொரு யோசனை. பிரேம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படமும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 12க்கு 15 பிரேமுக்குள் சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட் வைத்து, நடுவில் 5க்கு 7 படத்தை வையுங்கள். பார்க்க மரியாதையாக இருக்கும். முகமும் தெளிவாக இருக்கும். பிரேம் கடைக்காரர்களுக்கு மவுண்ட் போடுவது வழக்கமான வேலைதான்.

வவுச்சர் இல்லாத என்ட்ரி

புதிய முறை, செயற்கை நுண்ணறிவு. இப்போது போனில் விளம்பரமாக வருவதெல்லாம் இதுதான். லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட ஒரு மென்பொருள், உங்கள் சின்னப் படத்தைப் பார்த்து, "இந்த மாதிரி மங்கலுக்குப் பின்னால் பொதுவாக இப்படித்தான் இருக்கும்" என்று ஊகித்து வரைகிறது. சேலைக் கரை, மரத்தின் இலை, சுவர், கோயில் கோபுரம் இவற்றுக்கெல்லாம் அது அற்புதமாக வேலை செய்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. முகத்தில்தான் சிக்கல்.

வங்கியில் ஒரு விதி உண்டு. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடக் கூடாது. தொகை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், டேலி ஆகிவிடும் என்றாலும் போடக் கூடாது. முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் செய்வது இதைத்தான். பார்க்க டேலி ஆகும். ஆனால் அந்தக் கண் இமைக்கு, அந்தப் பல் வரிசைக்கு வவுச்சர் கிடையாது.

2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் பல்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். 16க்கு 16 பிக்சல் அளவுள்ள மங்கல் முகத்தை 1024க்கு 1024 ஆக்கிக் காட்டும். அதில் ஒருவர் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்துப் பார்த்தார். உலகமே அறிந்த முகம். வெளியே வந்ததோ ஒரு வெள்ளைக்காரரின் முகம், மிகத் தெளிவாக. பெரிய விவாதமே நடந்தது. அதற்குப் பிறகு மென்பொருள்கள் நிறைய முன்னேறிவிட்டன, உண்மை. ஆனாலும் இல்லாத விவரத்தை ஊகித்துத்தான் வரைய வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

நம் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் நடந்தது. எந்த வீடு என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் அனுமதியோடு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வீட்டுப் பெரியவர் காலமானார். பையன் பாவம், இரவோடு இரவாக அப்பாவின் வாட்ஸ்அப் புரொபைல் படத்தை ஒரு ஆப்பில் கொடுத்துத் தெளிவாக்கி, பெரிய பிரேம் போட்டுக் கொண்டுவந்தார். வந்தவர்கள் எல்லாரும் படம் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அவர் இல்லைங்க." புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு இல்லை. முன்பல் லேசாக ஏறியிருக்கும், அதை நேராக்கிவிட்டது. கன்னத்து மருவைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. நாற்பது வருடம் பார்த்த முகத்தில் எது குறைகிறது என்று அவருக்குத் தெரியாதா?

பிறகு தேடினோம். பெரியவரின் மைத்துனர் வீட்டில், கிரகப்பிரவேசத்தில் எடுத்த குரூப் போட்டோவின் அசல் இருந்தது. அதிலிருந்து முகத்தைத் தனியே வெட்டியெடுத்து, சாதாரண முறையில் கொஞ்சம் பெரிதாக்கி, மவுண்ட் வைத்துப் பிரேம் போட்டோம். சற்று மங்கல்தான். தழும்பு இருக்கிறது, பல்லும் இருக்கிறது. இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

ஆகவே செயற்கை நுண்ணறிவு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்தும்போது நாலு விஷயம் பாருங்கள். முகத்தைச் சீராக்கு என்ற தேர்வு தனியாக இருந்தால் அதை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் பெரிதாக்குங்கள். இரண்டு மடங்கோடு நிறுத்துங்கள், எட்டு மடங்குக்குப் போகாதீர்கள். வந்த படத்தையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரை நன்றாக அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கோப்பின் பெயரிலேயே "ஏஐ பெரிதாக்கியது" என்று எழுதி வையுங்கள். முப்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அதுதான் அசல் என்று நினைத்துவிடக் கூடாது.

இணையத்தில் இலவசம் என்று சொல்லும் தளங்களில் குடும்பப் படங்களை ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். அப்ஸ்கேல் என்ற இலவச மென்பொருள் நம் கம்ப்யூட்டரிலேயே இயங்குகிறது, படம் வீட்டை விட்டு வெளியே போகாது. ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்க் திறக்கவில்லை என்றால்

இப்போது இரண்டாவது கேள்வி. இதில் முதல் விதி ஒன்றே ஒன்று: நிறுத்துங்கள். மறுபடி மறுபடி செருகாதீர்கள். கம்ப்யூட்டர் "பார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க்கைச் சரிசெய்யும் செக் டிஸ்க்கையும் ஓட்டாதீர்கள். அது போல்டர் அமைப்பை ஒழுங்காக்கப் பார்க்கும், உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

அழிந்த படம் எப்படித் திரும்பக் கிடைக்கிறது என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். பழைய லெட்ஜரை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஓர் இண்டெக்ஸ் இருக்கும். எந்தக் கணக்கு எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு கோப்பை அழித்தால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் இண்டெக்ஸில் அந்த வரியை அடித்துவிடுகிறது, அவ்வளவுதான். பக்கத்தைக் கிழிப்பதில்லை. இந்தப் பக்கம் காலி என்று குறித்துக்கொள்கிறது. அடுத்து யாராவது புதிதாக எழுதவரும்போது அந்தப் பக்கத்தின் மேல் எழுதிவிடும். அதுவரை பழைய எழுத்து அப்படியே இருக்கும். நிறுத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கேமரா கார்டில் தவறுதலாகப் படங்கள் அழிந்தால் அதன் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

போனில் அழிந்திருந்தால் முதலில் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் வரை டிராஷில் இருக்கும். பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோனில் அண்மையில் அழித்தவை என்ற ஆல்பம் இருக்கிறது. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

டிஸ்க் பிரச்சினையை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, டிஸ்க்கில் கோளாறே இல்லை. கேபிள் போயிருக்கும், அல்லது வெளியே உள்ள பெட்டியின் சர்க்யூட் போயிருக்கும். வேறு கேபிள், வேறு யுஎஸ்பி போர்ட், முடிந்தால் வேறு கம்ப்யூட்டர் என்று ஒரே ஒரு முறை பாருங்கள்.

இரண்டாம் வகை, டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்கும் தெரிகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை. இண்டெக்ஸ் கிழிந்த லெட்ஜர். இதற்கு நாமே முயலலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். நீலமாக இருந்தால் போட்டோரெக் அல்லது ரெக்குவா போன்ற இலவச மென்பொருளை ஓட்டலாம். போட்டோரெக் இண்டெக்ஸைப் பார்ப்பதே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறது. ஒவ்வொரு ஜேபெக் படத்தின் தொடக்கத்திலும் ஒரே மாதிரியான ஒரு முத்திரை உண்டு. அந்த முத்திரை கண்ணில் பட்டால் அங்கே ஒரு படம் தொடங்குகிறது என்று பிடித்துக்கொள்கிறது. கிடைப்பதை எக்காரணம் கொண்டும் அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. காலியாக உள்ள இன்னொரு டிஸ்க் தேவை.

மஞ்சளோ சிவப்போ காட்டினால், அல்லது டிஸ்க் மிக மெதுவாக இருந்தால், நேரடியாகப் படங்களைத் தேடாமல் முதலில் முழு டிஸ்க்கையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். இதற்கென்றே லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயலும். எங்கே விட்டோம் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். தெரிந்த பிள்ளைகள் யாராவது செய்துகொடுக்கலாம். பிறகு தேடுவதெல்லாம் அந்த நகலில்தான்.

மூன்றாம் வகை, டிஸ்க் "டக் டக்" என்று அடிக்கிறது, கீறுவதுபோல் சத்தம் வருகிறது, அல்லது கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது. இங்கே நம் வேலை முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கிறது. அந்த முனை தட்டில் உரசினால், கோடு விழுந்த இடத்தில் இருந்த படம் யாராலும் திரும்ப வராது. ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் ஒரு கீறல். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், உள்ளே ஈரம் படியும். தட்டிப் பார்ப்பது, திறந்து பார்ப்பது எல்லாம் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்குகளை வெயிலில் காயவைத்து உடனே ஆன் செய்து பார்த்தவர்கள் பலர். நனைந்ததைவிட அந்த ஆன் செய்ததுதான் பல டிஸ்க்குகளுக்கு எமன்.

நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 2003-இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது அதிலிருந்து விழுந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து, உருகிக் கருகிய நிலையிலும், ஓர் ஆய்வின் தகவலில் பெரும்பகுதியை எடுத்தார்கள். அந்த டிஸ்க்கை யாரும் நடுவில் ஆன் செய்து பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்த நம்பிக்கை எஸ்எஸ்டி வகை டிஸ்க்குகளுக்கு அப்படியே பொருந்தாது. அதில் ட்ரிம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கோப்பை அழித்தால் அந்தப் பக்கங்கள் காலி என்று டிஸ்க்குக்கே தெரிவித்துவிடும், டிஸ்க் அவற்றைத் துடைத்துவிடும். புதிய போன்களும் ஏறக்குறைய அப்படித்தான். வேகம் அதிகம், மன்னிப்புக் குறைவு.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

டேட்டா ரெக்கவரி செய்பவர்களில் நல்லவர்களும் உண்டு, மென்பொருளை மட்டும் ஓட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களும் உண்டு. டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு? தகவல் கிடைக்காவிட்டால் பணம் உண்டா, இல்லையா? திறக்க வேண்டியிருந்தால் தூசி இல்லாத அறை அவர்களிடம் இருக்கிறதா, வெளியே அனுப்புகிறார்களா? திறப்பதற்கு முன் என்னைக் கேட்பார்களா? பழைய டிஸ்க்கை அப்படியே திருப்பித் தருவார்களா? நம் தகவலின் நகலை எத்தனை நாளில் அழிப்பார்கள்?

அதோடு நீங்களும் ஒரு பட்டியல் கொடுங்கள். "எல்லாம் வேண்டும்" என்று சொல்லாதீர்கள். எந்த வருடத்துப் படம், எந்த போல்டர் முதலில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கில் சினிமாவை முதலில் எடுத்து, குழந்தையின் பிறந்தநாளைக் கடைசியில் எடுக்கப் போனால் அதற்குள் டிஸ்க் போய்விடும்.

கிடைத்த பிறகு

மீட்ட படங்களைப் பார்த்ததும் தலை சுற்றும். பெயரெல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு எண்களுமாக ஆயிரக்கணக்கில் கிடக்கும். பயப்படாதீர்கள். படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் வருடம் வருடமாகப் பிரிந்துவிடும்.

சில படங்கள் பாதிக்குமேல் சாம்பல் நிறமாக இருக்கும். சில திறக்கவே திறக்காது. அவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். கேமராவில் எடுத்த ஜேபெக் கோப்பின் தொடக்கப் பகுதியில், பெரும்பாலும் 160க்கு 120 அளவில் ஒரு குட்டிப் படமும் சேர்ந்தே இருக்கும். பெரிய படம் சேதமானாலும் அந்தக் குட்டிப் படம் தப்பியிருக்கலாம். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதை வெளியே எடுத்துக் கொடுக்கும். 19,200 பிக்சல்தான். 300 கணக்கில் அச்சிட்டால் அரை அங்குலம். அதைப் பெரிதாக்கி முகத்தை வரவழைக்க முயலாதீர்கள், வருவது வேறு யாரோ. ஆனால் யார் யார் நின்றார்கள், எந்த விசேஷம் என்று அடையாளம் தெரியும். அந்த அடையாளத்தை வைத்து, அன்று கூட இருந்தவர்களிடம் அசல் இருக்கிறதா என்று கேட்கலாம்.

இனி போகாமல் இருக்க

மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு விதி இருக்கிறது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வங்கியில் அன்றாடக் கணக்கின் பிரதி வேறு கட்டடத்துக்குப் போகும். வீட்டுக்கும் அதே நியாயம்தான். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ, இல்லையென்றால் கூகுளிலோ. வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு போனில் அழித்துவிட்டால் அது பேக்கப் இல்லை. அப்போதும் ஒரே பிரதிதான், இடம்தான் மாறியிருக்கிறது.

கூகுளில் இலவசம் 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் ஏறாது, நமக்குத் தெரியாமலே நின்றிருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. காலமான ஒருவரின் கணக்கு அப்படிப் போய்விடக் கூடும். இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர் என்ற இடத்தில், நமக்குப் பிறகு யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம் அல்லவா, அதே மாதிரி. போனின் பூட்டு எண்ணையும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். போன் கையில் இருந்தும் படங்களைத் திறக்க முடியாமல் தவித்த வீடுகள் நம் குடியிருப்பிலேயே இரண்டு.

வெளி டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு முறையாவது செருகித் திறந்து பாருங்கள். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஐந்தாறு வருடமான டிஸ்க்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பென் டிரைவ் படத்தை எடுத்துச் செல்வதற்கு, பத்திரப்படுத்துவதற்கு அல்ல.

கடைசியாக, செலவு குறைவான ஒரு வேலை. இந்த வாரம் உட்கார்ந்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் நல்ல படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செயற்கை நுண்ணறிவு தொடாத அசல். 5க்கு 7 அளவில் நல்ல தாளில் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், இடம், வருடம் எழுதுங்கள். ஆல்பத்தில் வையுங்கள். காகிதத்துக்கு மென்பொருள் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். இதைப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே செய்யுங்கள். டிஸ்க்கில் போன படத்தை ஓரளவு மீட்கலாம். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆளில்லாமல் போனால் அதை மீட்க எந்த மென்பொருளும் இல்லை.